தாய்ப்பாறையின் அரைஞாண்

பனி உருகும் மாதத்தில் அர்மந்த் ஆறு யார் பேச்சையும் கேட்காது. அதனால் அந்த மாதத்தில், ஈரான் மலைகளில் மந்தை மேய்க்கிற பக்தியாரிக்காரர்கள் ஆற்றோடு பேசுவதை விட்டுவிட்டுத் தாய்ப்பாறையோடு பேசுவார்கள். ஆறு திரும்புகிற இடத்தில், சாலைக்குக் கீழே, வலது கரையை ஒட்டி இரண்டு மாடி உயரத்துக்கு நிற்கிற ஒற்றைக் கருங்கல் அது. இடுப்பைச் சுற்றி அரைஞாண் கட்டிவிட்டதுபோல ஒரு வெள்ளைக் கோடு. தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் ஆற்றில் இறங்கக் கூடாது. கோடு காய்ந்து தெரிந்தால் இறங்கலாம். ஊதின ஆட்டுத்தோலைக் கழியில் கட்டி மிதவையாக்கி, பெண்டு பிள்ளைகளையும் மந்தையையும் அக்கரையிலிருந்து இக்கரை சேர்த்த காலத்திலிருந்து இதுதான் சட்டம். இப்போது ஆட்டுத்தோலுக்குப் பதில் லாரி டியூப் வந்துவிட்டது. சட்டம் அப்படியேதான் இருக்கிறது.

இஸ்ஃபஹான் நகரத்திலிருந்து காசு கொடுத்து நனைய வருகிறவர்களை ரப்பர் படகில் ஏற்றி ஆற்றோடு அனுப்புகிற மாபரிக்கும் அவள் புருஷன் ஷாபூருக்கும் அதே சட்டம்தான். ஷாபூர் பெரிய படகை ஓட்டுவான். மாபரி கயாக் என்கிற ஒற்றையாள் படகில் முன்னால் போய், ஒவ்வொரு இறக்கத்தையும் பார்த்து, பின்னால் வருகிற படகுக்குத் துடுப்பால் சைகை காட்டுவாள். யாராவது விழுந்தால் அள்ளிக்கொண்டு வருவதும் அவள் வேலை. முன்னால் போகிறவள் உயிர்தான் முதலில் போகும் என்பதால், இன்றைக்குப் போகலாமா வேண்டாமா என்று சொல்கிற உரிமையும் அவளுடையது. இரண்டு வாரமாக அவள் வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். கோடு தண்ணீருக்குள் கிடந்தது.

இந்த இரண்டு வாரமும் ஷாபூரின் வாய் சும்மா இருக்கவில்லை. இவள் பேச்சைக் கேட்டால் ஆறு வற்றின பிறகு செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தே போகலாம் என்றான். அக்கரைச் சரிவில் கறுப்புக் கூடாரம் போட்டுக் காத்துக்கிடந்த இடையர் குடும்பங்களும் இதே கோட்டைத்தான் தினமும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. அங்கே புல் தீர்ந்துபோயிற்று. பாலம் வழியாகச் சுற்றி வருவதென்றால் குட்டி போட்ட ஆடுகள் தாங்காது. ஆனாலும் ஒருவரும் இறங்கவில்லை. தாய் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

அன்று காலை வேனைச் சாலை வளைவில் நிறுத்திய நொஸ்ரத் கீழே கையைக் காட்டினார். நொஸ்ரத் ஷாபூருக்குத் தாய்மாமன்.  கோடு பளிச்சென்று தெரிந்தது. காய்ந்து, வெயில் பட்டு, தண்ணீருக்கு ஒரு ஆள் உயரத்துக்கு மேலே.

"தாய் வழி விட்டுட்டா," என்றார் நொஸ்ரத். "உன் பொண்டாட்டி விடுவாளான்னு கேளு."

ஷாபூர் மாபரியின் பக்கம் திரும்பினான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவன் கேலி பேசமாட்டான். கேட்டுவிட்டுக் காத்திருப்பான்.

மாபரி கீழே பார்த்தாள். ஆற்றின் சத்தம் கொஞ்சம் கனமாக இருப்பதுபோல அவளுக்குப் பட்டது. முந்தின இரவு பனியை உருக்குகிற வெக்கைக் காற்று வீசியிருந்தது. நடுவில் ஒரு பெரிய இடிச் சத்தமும் கேட்டது. ஆனால் கோடு காய்ந்திருக்கிறதே. படகு இறக்குகிற கரையும் முன்னைவிட அகலமாய், புதுக் கூழாங்கல்லாய்க் கிடக்கிறதே. தன் தாயும் தாயின் தாயும் நம்பின கல்லைத் தான் நம்பாமல் இருப்பது எப்படி? அந்தச் சந்தேகம் அவள் மனசில் நிற்பதற்குக்கூட இடம் இல்லை.

"போகலாம்," என்றாள்.

அன்றைக்கு ஏறினவர்கள் ஒரே குடும்பம், ஆறு பேர். குடும்பத்துக்குத் தலைவி தாஜி அம்மாள். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. மருமகன் அர்தலான் மருந்துக்கடைக்காரன், பயத்தில் உதடு வெளுத்து நின்றான். மாமியாருக்கு வேண்டாத மருமகன் என்பது ஹெல்மெட்டை அவன் தலையில் அவள் அமுக்கின விதத்திலேயே தெரிந்தது. ஷாபூர் ஒவ்வொருவருடைய லைஃப் ஜாக்கெட்டின் வாரையும் இழுத்து இறுக்கினான். தோளைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான், ஜாக்கெட் மட்டும் தனியாக மேலே வருகிறதா என்று.

"விழுந்தா மல்லாக்கப் படுத்துக்கங்க, கால் ரெண்டும் முன்னால நீட்டி இருக்கணும்," என்றான். "எந்திரிச்சு நிக்க மட்டும் பாக்காதீங்க. கல்லு இடுக்குல கால் மாட்டுச்சுன்னா ஆறு உங்கள மடிச்சு வச்சிரும். நான் 'இழு'ன்னா இழுக்கணும். ஏன்னு கரைக்கு வந்தப்புறம் கேட்டுக்கலாம்."

"கேட்டுக்கோ மாப்பிள்ளை," என்றாள் தாஜி அம்மாள். "ஏன்னு கேக்கக் கூடாதாம்."

பத்து வயதிலிருந்து மாபரி இந்த ஆற்றில் கிடக்கிறவள். கயாக்கில் உட்கார்ந்து கரையை உதைத்துத் தள்ளின உடனேயே அவளுக்கு ஒரு சத்தம் கேட்டது. காதில் கேட்கவில்லை, தொடையில் கேட்டது. படகின் அடிப்பக்கத்தில் யாரோ விடாமல் அரிசி புடைப்பதுபோல ஒரு சரசரப்பு. வெள்ளத்தில் மணலும் பொடிக்கல்லும் உருண்டோடுகிற சத்தம் அது, அவளுக்குத் தெரியும். கோடு காய்ந்திருக்கிற நாளில் அது கேட்கக் கூடாது. அதற்கும் கீழே, இன்னொன்று. டம்மென்று ஒரு அடி. கொஞ்சம் கழித்து இன்னொரு அடி. ஆற்றின் படுக்கையில் பெரிய கற்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நகர்ந்தன. 

திரும்பிப் பார்த்தாள். ரப்பர் படகு நீரோட்டத்துக்குள் வந்துவிட்டது. இனித் திரும்பிப் போக முடியாது. முன்னால் தாய்ப்பாறை வந்தது.

அந்தப் பாறையைத் தாண்டுகிற எவரும் தொட்டுவிட்டுத்தான் போவார்கள். தொடுகிற இடமும் உண்டு. கரையைப் பார்த்த பக்கத்தில், நெஞ்சு உயரத்தில், பெண்கள் வைத்த மருதாணிக் கைகள் இருக்கும். கல்யாணத்தன்று மணப்பெண் வெண்ணெயும் மருதாணியும் குழைத்துக் கையைப் பதிப்பாள். பிறகு வருஷா வருஷம் மந்தை கடந்த பிறகு அதே இடத்தில் அதே கையை வைத்துப் புதுப்பிப்பாள். மாபரியின் கையும் அங்கே இருந்தது. அதைக் கண்டுபிடிப்பது சுலபம்: சிறுவயதில் கயிறு அறுத்து அவளுக்கு இடது சுண்டுவிரல் பாதிதான்.

மாபரி கையை நீட்டினாள். பாறையில் ஒன்றும் இல்லை. பாசி பிடித்த, வழவழத்த, அவள் ஒருநாளும் பார்த்திராத ஒரு கல் முகம் அங்கே இருந்தது.

ஒரு கணம் வேறு ஆற்றுக்கு வந்துவிட்டோமோ என்றே நினைத்தாள். நீரோட்டம் அவளைப் பாறையின் மறுபக்கத்துக்குச் சுற்றிக் கொண்டுபோயிற்று. அங்கே, நடு ஆற்றைப் பார்த்த பக்கத்தில், எந்தப் பெண்ணும் நின்றிருக்க முடியாத இடத்தில், அவள் தலைக்கு வெகு மேலே, சிவப்புக் கைகள் வரிசையாய் இருந்தன. எல்லாம் தலைகீழாக இருந்தன. விரல்கள் தண்ணீரைப் பார்த்தன. அவற்றின் நடுவில் சுண்டுவிரல் பாதியான ஒரு கை.

தாய் புரண்டுவிட்டாள். இரண்டு மாடி உயரக் கல்லை ஆறு இரவோடு இரவாகத் தூக்கிப் புரட்டி, முகத்தைத் திருப்பி, தலைகீழாய் நிற்கவைத்துவிட்டுப் போயிருக்கிறது. நேற்று இரவு கேட்டது இடி அல்ல. மாபரிக்கு அந்த நேரத்தில் பயம்கூட வரவில்லை.  இப்படி ஒரு கை இந்த ஆற்றுக்கு இருக்கிறதா, இத்தனை வருஷம் அதன் உள்ளங்கையிலா விளையாடிக்கொண்டிருந்தோம் என்று வாயைப் பிளந்து பார்த்தாள். அப்புறம்தான் பின்னால் வருகிற ஏழு பேர் நினைவு வந்தது.

கோடு காய்ந்திருந்தது உண்மை. ஆனால் அது புரண்ட கல்லின் கோடு. அதை வைத்து ஆற்றின் ஆழத்தைச் சொல்ல முடியாது. அகலமாய்க் கிடந்த கரையும் இந்த வெள்ளம் கொண்டுவந்து கொட்டின கல்தான். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று ஊருக்கே சொல்கிறவள், ஆழம் தெரியாமல் ஒரு குடும்பத்தையே இறக்கிவிட்டாள்.

கீழே தொண்டை இருந்தது. இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஆறு குறுகிப் போகிற இடம். உள்ளே போனால் ஏறுவதற்கு ஒரு பிடி கிடையாது. தண்ணீர் குறைவாக இருக்கும்போது அங்கே ஒரு படிதான் இருக்கும், படகு குதித்து இறங்கிவிடும். தண்ணீர் ஏறினால் அந்தப் படிக்குக் கீழே ஆறு தன்மேலேயே திரும்பி மடியும். அதற்குள் விழுந்ததை மென்றுவிட்டுத்தான் கொடுக்கும். தொண்டைக்கு முன்னால் ஒதுங்குவதற்கு ஒரே இடம், வலது கரையில் காட்டத்தி மரத்தடி. அதைத் தவறவிட்டால் அவ்வளவுதான்.

மாபரி விசிலை மூன்று முறை ஊதினாள். துடுப்பைத் தலைக்கு மேல் படுக்கைவாட்டில் தூக்கிப் பிடித்தாள்: நில். பிறகு வலது கரையைக் காட்டினாள். ஷாபூரின் முகம் தூரத்தில் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்த முகம் சட்டென்று மூடிக்கொண்டது. அவன் ஏன் என்று கேட்கவில்லை. கோடு காய்ந்துதானே இருக்கிறது என்று பாறையைத் திரும்பியும் பார்க்கவில்லை. படகின் மூக்கை வலது பக்கம் திருப்பி, "இழு!" என்று கத்தினான்.

அவள் உயிரைக் கொடுத்துத் துடுப்புப் போட்டாள். படகுக்கு முன்னால் அத்திமரத்தடிக்குப் போய்ச் சேர வேண்டும். கயிறு எறிய அங்கே ஒரு ஆள் நிற்க வேண்டும். மரத்தின் வேர்கள் எப்போதும் கரையில் காய்ந்து கிடக்கும். இன்று கிளைகளே தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தன. ஒதுங்கல் சுருங்கி ஒரு சமையலறை அகலத்துக்கு வந்திருந்தது. கயாக்கை அதற்குள் திருகிச் செருகினாள். கட்டி வைக்க நேரம் இல்லை. கயிற்றுப் பையைப் பல்லில் கடித்துக்கொண்டு பாறைமேல் தாவினாள். அவள் கால் உதைத்த வேகத்தில் அந்தச் சிவப்புக் கயாக் பின்னால் நழுவி, ஓட்டத்தில் மாட்டி, ஆளில்லாமல் தொண்டையை நோக்கிப் போயிற்று. அவள் ஆறு வருஷம் பாடுபட்டு வாங்கின படகு அது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை.

ரப்பர் படகு வந்த வேகத்தைக் கண்டு அவள் கயிற்றுப் பையின் வாயை அவிழ்த்தாள். ஐந்து பேர் இழுத்தார்கள். அர்தலான் துடுப்பை நெஞ்சோடு கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கிடந்தான். தாஜி அம்மாள் தன் துடுப்பின் பிடியால் அவன் ஹெல்மெட்டில் ஓங்கி ஒன்று வைத்தாள். "இழுடா, என் பொண்ண விதவையாக்காத," என்றாள். அவன் இழுத்தான்.

அது போதவில்லை. படகு ஒதுங்கலின் விளிம்பைத் தொட்டு, தயங்கி, மறுபடி ஓட்டத்தின் பக்கம் சாய்ந்தது. மாபரி எறிந்தாள். ஒரே ஒரு தடவைதான் எறிய முடியும். கயிறு காற்றில் அவிழ்ந்து, படகின் குறுக்கே, தாஜி அம்மாள் மடியில் போய் விழுந்தது. அவள் அதைப் பிடித்த பிடியைப் பார்த்தால் மருமகன்கள் நடுங்க வேண்டும். மாபரி கயிற்றை இடுப்பைச் சுற்றி வாங்கிக்கொண்டு வேருக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். கயிறு இறுகி, அவளைப் பாறையோடு வைத்து நசுக்கி, படகு ஊசல்போல் வீசிக் கரையில் வந்து மோதியது.

எல்லாரும் கரை ஏறினார்கள். ஷாபூர் தலைகளை எண்ணினான். திரும்ப ஒரு தடவை எண்ணினான். பிறகு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"தாய் புரண்டுட்டா," என்றாள் மாபரி. "கை எல்லாம் தலைகீழா இருக்கு. நான் பாக்காம போகலாம்னுட்டேன்."

"நானும்தான பாத்தேன்," என்றான் ஷாபூர். "எல்லாரும் கோட்டத்தான் பாத்தோம். கல்ல யாரு பாத்தா?"

ஆட்டுத் தடத்தில் ஏறிச் சாலைக்குப் போகும்போது ஓரிடத்தில் தொண்டை முழுக்கக் கீழே தெரியும். அங்கே அவர்கள் நின்றார்கள். படி இருந்த இடத்தில் இப்போது ஒரு பழுப்புச் சுவர் நின்றுகொண்டே விழுந்தது, விழுந்துகொண்டே நின்றது. அதற்குள் சிவப்புக் கயாக் இருந்தது. செங்குத்தாய் எழுந்தது, அமுங்கியது, மறுபடி அதே இடத்தில் எழுந்தது. பிறகு காணவில்லை. நீண்ட நேரம் கழித்து வெகு கீழே இரண்டு துண்டாய் வெளியே வந்தது. காலுக்குக் கீழே மலையே லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. அர்தலான் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். ஏன் அப்படிச் செய்தான் என்று அவனுக்கே தெரியாது. அந்த ஆற்றின் முன் தலையை மூடிக்கொண்டு நிற்க யாருக்கும் மனம் வராது.

சாலை வளைவுக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது வேன் கீழிருந்து வெறிபிடித்ததுபோல் ஏறி வந்தது. நொஸ்ரத் கதவைத் திறந்துவைத்தே ஓட்டியிருந்தார். கீழே படகுத்துறையில் காத்திருந்தவர் கண்ணில் உடைந்த கயாக் பட்டிருக்கிறது. சாவு வீட்டில் செய்வதுபோல் சட்டைக் கழுத்தைக் கிழித்துக்கொண்டிருந்தார். மாபரியைக் கண்டதும் இறங்கி வந்து, வாய்க்கு வந்தபடி அவளையும் அவள் பரம்பரையையும் திட்டினார். திட்டிக்கொண்டே அவள் நெற்றியில் முத்தமிட்டார். பிறகு சாலையோரம் உட்கார்ந்து அழுதார்.

மாபரி அவரைத் தேற்றவில்லை. அவள் அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கரையில் கூடாரங்கள் பிரித்துக் கட்டப்பட்டிருந்தன. ஆடுகள் கூட்டமாய்த் தண்ணீரை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தன. மணி கட்டின கிடாய் முன்னால் வந்தது. ஆண்கள் டியூப்களை ஊதிக் கழிகளோடு கட்டினார்கள். ஒரு பெண் முதுகில் தொட்டிலோடு நின்றாள். அவர்களும் காலையில் கோட்டைப் பார்த்திருக்கிறார்கள். தாய் வழி விட்டாள் என்று நம்பியிருக்கிறார்கள்.

ஷாபூர் கத்தினான். ஆற்றின் சத்தம் அதை அவன் வாயருகிலேயே தின்றுவிட்டது. அந்தப் பள்ளத்தில் போனுக்கு உயிர் கிடையாது. நொஸ்ரத் ஹாரனை அழுத்தினார். எல்லாரும் கையை ஆட்டினார்கள். அக்கரையில் இருந்தவர்களும் சிரித்துக்கொண்டு கையை ஆட்டினார்கள்.

"மாமா, மதியச் சாப்பாட்டுக்கு நிழல் கட்டுற கறுப்புத் துணி வண்டில இருக்கா?" என்று கேட்டாள் மாபரி.

"இருக்கு. இப்ப எதுக்கு?"

அவள் வேனின் பின்கதவைத் திறந்தாள். ஆட்டுமயிரில் நெய்த, ஒரு கூடாரத்தின் பாதியளவு கறுப்புத் துணி அது. ஷாபூருக்குப் புரிந்துவிட்டது. இருவருமாக அதைத் தூக்கிப் போய், தாய்ப்பாறைக்கு நேர் மேலே விளிம்பில் நின்ற கருவாலி மரத்தில், அக்கரைக்குத் தெரியும்படி, மேலிருந்து கீழே தொங்கவிட்டார்கள். அவர்கள் வழக்கத்தில் சாவு விழுந்த வாசலில் கறுப்புத் தொங்கும். அதைப் பார்த்தவன் எந்த அவசரத்தில் இருந்தாலும் நிற்பான். அன்றைக்கு எவனும் மந்தையைத் தண்ணீரில் இறக்க மாட்டான்.

மாபரி அந்தத் துணியின் கீழே போய் நின்றாள். குனிந்து இரண்டு கை நிறைய மண்ணை அள்ளித் தன் தலையில் போட்டுக்கொண்டாள். அக்கரையில் பார்க்கட்டும் என்றுதான் முதல் பிடியைப் போட்டாள். இரண்டாவது பிடிக்கு அவள் உண்மையாகவே அழுதாள். நொஸ்ரத் கிழிந்த சட்டையோடு அவள் பக்கத்தில் வந்து நின்றார். அதை அவர் புதிதாகக் கிழிக்க வேண்டியிருக்கவில்லை.

அக்கரையில் டியூப் ஊதிக்கொண்டிருந்த ஒருவன் நிமிர்ந்தான். பக்கத்தில் இருந்தவனைத் தொட்டான். இருவரும் துணியைப் பார்த்தார்கள், துணிக்குக் கீழே இருந்த கல்லைப் பார்த்தார்கள். வெகு நேரம் பார்த்தார்கள். கோட்டைப் பார்க்காமல் முதன்முறையாக அந்தக் கல்லையும் அதில் தலைகீழாய் இருந்த சிவப்புக் கைகளையும் பார்த்தார்கள். பிறகு வயதான ஒருவர் கம்பளித் தொப்பியைக் கழற்றினார். மணிக் கிடாயின் கொம்பைப் பிடித்து மேட்டுப் பக்கம் திருப்பினார்கள். மந்தை அதன் பின்னால் திரும்பியது. பெண்கள் கரையோரம் வந்து வரிசையாய் உட்கார்ந்தார்கள். அவர்களுடைய ஒப்பாரி ஒரு சொல்கூட இக்கரைக்குக் கேட்கவில்லை. கைகள் எழுந்து நெஞ்சில் விழுவது மட்டும் தெரிந்தது.

தாஜி அம்மாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றாள். ஆற்றில் இறங்கின எட்டுப் பேரும் உயிரோடு இருக்கும்போது கறுப்பு எதற்கு என்று அவளுக்கு விளங்கவில்லை. மெதுவாக மாபரியின் பக்கத்தில் வந்தாள்.

"யாரும்மா செத்தது?"

"எங்க அம்மா," என்றாள் மாபரி. "நேத்து ராத்திரியே போயிட்டா. எங்களுக்கு இப்பத்தான் தெரிஞ்சுது."

தாஜி அம்மாள் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளித் தன் தலையில் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.